குலுக்காமல் கொண்டுபோன நீர்

குலுக்காதீங்க, நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டுப் போங்க, நேரா லேப், வழியில எங்கேயும் நிக்காதீங்க என்று ஒரே மூச்சில் நாலு கட்டளை போட்டுவிட்டு நர்ஸ் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளை என் கையில் வைத்தாள். குலுக்காதே என்று என்னிடம் சொல்கிறாள். இருபத்தாறு வருஷமாக நான் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். குடிதண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. கிணறு, குளம், அடிபம்பு, மேல்நிலைத் தொட்டி, எந்தத் தண்ணீராக இருந்தாலும் அதில் ஒரு குப்பி கடைசியில் என் மேஜைக்கு வந்து சேரும். ஆவுடையப்பன் சார் பாத்துட்டாரா, அப்பம் குடிக்கலாம் என்று எங்கள் பக்கத்தில் பேச்சு உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் இவ்வளவு வெதுவெதுப்பான தண்ணீர் என் கைக்கு வந்ததில்லை. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இது செண்பகத்தின் முதுகுக்குள் இருந்தது. செண்பகவல்லி, என் மனைவி, நாற்பத்தொரு வயது. அவளுக்குள் இப்படி ஒரு தண்ணீர் இருப்பதே இன்று காலைவரை எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், ஊரில் உள்ள அத்தனை தண்ணீரையும் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை. குப்பிகளில் பிளாஸ்திரி ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. ஒன்றாம் நம்பர் சர்க்கரையும் புரதமும் பார்க்க, இரண்டு கிருமி வளர்த்துப் பார்க்க, மூன்று அணுக்களை எண்ண. இந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஊசி குத்தும்போது வரும் ரத்தம் முதல் குப்பியில் போய்விடும், மூன்றாவதில் எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கும். அடிபம்பில் முதல் பத்து அடி தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிடி என்று நான் சொல்வது மாதிரிதான். நர்ஸ் ஒரு படிவத்தையும் நீட்டினாள். கையில் குப்பி இருந்ததால் அவளே அதை மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். பைக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்று அதன்மேல் உரசிச் சரசரவென்றது. அது என்ன என்று எனக்குத் தெரியும். இப்போது அதை நினைக்க வேண்டாம் என்று நடந்தேன்.

வார்டு இரண்டாம் மாடியில், லேப் எதிர்க் கட்டிடத்தில், நடுவில் ஒரு முற்றம். பகல் பன்னிரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பார்க்க வந்தவர்கள் தூக்குவாளியோடு படிக்கட்டு முழுக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோளையும் பார்த்துப் பார்த்து ஒதுங்கி இறங்கினேன். ஊசி போட்டு இந்த நீரை எடுத்த டாக்டரம்மாவிடம், ஒரு ஆளுக்கு இது மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று சற்றுமுன் கேட்டிருந்தேன். நஸ்ரீன் என்று பெயர், சின்ன வயசு, ராத்திரி முழுக்கத் தூங்காத கண். மனைவி இப்படிக் கிடக்கும்போது இதைக் கேட்கிறானே என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "ஒரு டம்ளர் இருக்கும். மூளையைச் சுத்தியும் தண்டுவடத்தைச் சுத்தியும் நிக்கும். ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை பழசு போய்ப் புதுசா ஊறும்." ஊறும் என்ற அந்த வார்த்தை எனக்குள் அப்படியே நின்றுவிட்டது. தலைக்குள் ஒரு ஊற்றுக்கண். மூளை அதில் மிதக்கிறதாம். மிதக்கிறதால்தான் அதன் கனம் அதுக்கே தெரிவதில்லையாம். அதைச் சுற்றி மூன்று உறை. அந்த உறையில் கிருமி இறங்கினால் வீங்கும், அதுதான் மெனிஞ்சைட்டிஸ், நம் ஊரில் மூளைக்காய்ச்சல் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது. வைரஸாலும் வரும், அது பெரும்பாலும் தானாக அடங்கும். காசநோய்க் கிருமியாலும் வரும், அது மெல்ல வரும், மருந்து மாசக்கணக்கில் ஓடும். பாக்டீரியாவால் வந்தால் மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். மூன்றுக்கும் முகம் ஒன்று, வைத்தியம் வேறு வேறு. எது என்று இந்தத் தண்ணீரைக் கேட்டால்தான் தெரியும். கேட்டால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்ன விதம் நான் சொல்வது மாதிரியே இருந்தது. தண்ணிகிட்ட கேக்கணும்வே, உம்மகிட்ட கேட்டு என்ன பிரயோசனம் என்று நான் எத்தனை தொட்டிக்காரர்களைக் கடிந்திருக்கிறேன். தண்ணி பொய் சொல்லாது. அதுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் சொல்வான். இந்த இடத்தில் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டிய வேட்டி மாதிரி நின்றது. கடைசிப் படி. இறங்கியாகிவிட்டது. குப்பிகளை எண்ணினேன், மூன்று.

அவள் கழுத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நேற்றுக் காலையில் தலைவலி என்றாள். சும்மா வலி இல்லை, மண்டைக்குள்ள யாரோ நிண்ணு உதைக்காங்க என்றாள். இரண்டு தடவை வாந்தி. பிறகு, "ஏங்க, அந்தச் சன்னலை மூடுங்க, வெளிச்சம் குத்துது" என்றாள். மூடினேன். சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்து பிடித்தால் எங்கள் ஊரில் என்ன செய்வோமோ அதைச் செய்தேன், மேலத்தெருவிலிருந்து சுளுக்கு வழிக்கிற பண்டாரம் அண்ணாச்சியை வரச் சொன்னேன். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்பினார், வந்தது. வலப்பக்கம், வந்தது. முன்னால் குனிய வைத்தார். வரவில்லை. பலகை மாதிரி நின்றது, அவள் அலறினாள். அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார். எண்ணெயைத் தொடவே இல்லை. "இது சுளுக்கு இல்ல சார். சுளுக்குன்னா பக்கவாட்டுல திரும்பாது, குனியும். இது தலைகீழால்லா இருக்கு. காய்ச்சலும் அடிக்கி. நான் தொட மாட்டேன், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." எட்டாம் வகுப்பு தாண்டாத மனுஷன். இன்று காலையில் டாக்டரம்மா செய்ததும் அதேதான், தலைக்கு அடியில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கிப் பார்த்தாள். தூக்கியதும் செண்பகத்தின் இரண்டு முழங்காலும் தானாக மடங்கின. தலையைத் தூக்கினால் கால் ஏன் மடங்குகிறது? அந்த நேரத்திலும் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. வீங்கிய உறை தலையிலிருந்து நடுமுதுகு தாண்டி ஒரே பையாக இறங்குகிறது, இந்த முனையில் இழுத்தால் அந்த முனை வலிக்கும், அந்த வலிக்கு வழிவிடத்தான் கால் மடங்குகிறது என்றாள். அண்ணாச்சி சொன்னதும் நேற்றே கிளம்பியிருக்க வேண்டும். அவள் அப்போது கண் அசந்துவிட்டாள். தூங்கட்டும், விடிந்ததும் போகலாம் என்று இருந்துவிட்டேன். தூக்கம் இல்லை அது. விடிந்ததும் எழுப்பினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மரியாதையாக, "சார், பதிவேடு எடுத்துட்டு வரட்டுமா? இருபத்திரெண்டு பிள்ளை சார். ரெண்டு பேரு லீவு" என்றாள். அங்கன்வாடியில் பணியாளர் அவள். பார்வையிட வரும் அதிகாரியிடம் பேசுகிற குரல். என்னைத் தெரியவில்லை. பதினெட்டு வருஷத்தில் முதல்தடவையாக என் மனைவி என்னைச் சார் என்று கூப்பிட்டாள். அப்போதுதான் பயந்தேன், சரியாகச் சொன்னால் அப்போதுதான் பயத்தை ஒத்துக்கொண்டேன்.

முற்றத்தில் வெயில் கண்ணில் அறைந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பெண் சர்பத் தள்ளுவண்டி போட்டிருந்தாள், அதைப் பார்த்ததும் கால் தானாக அங்கே போய் நின்றது. நிற்காதே என்றாளே நர்ஸ். ஆனால் சாம்பிளை வெயிலில் கொண்டுபோவது என்பது என் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாத காரியம். இருபத்தாறு வருஷமாக ஐஸ் பெட்டி இல்லாமல் நான் ஒரு சாம்பிள்கூடத் தூக்கியதில்லை. ஐஸ் வைக்காவிட்டால் வழியிலேயே கிருமி பெருகிவிடும், பத்து இருந்தது ஆயிரமாகிவிடும், இல்லாத பழியைத் தொட்டிமேல் போட்டுவிடுவோம். "அம்மா, ரெண்டு துண்டு ஐஸ் குடுங்க, ஒரு கவருல போட்டு" என்றேன். அவள் சாக்கில் சுற்றியிருந்த கட்டியை உடைத்துப் பாலித்தீன் உறையில் போட்டு நீட்டினாள். வாங்கப் போன கை நின்றது. யோசித்துப் பார், ஆவுடையப்பா. உன் தொட்டியில் இருக்கும் கிருமி எங்கே வாழ்ந்தது? சாக்கடையில், மண்ணில், மழையில், பனியில். அது எதையும் தாங்கும், ஐஸில் தூங்கும், எடுத்தால் முழிக்கும். இது எங்கே வாழ்ந்தது? தொண்டையில், மூக்கின் பின்னால், காதில், பிறகு மூளைக்குப் பக்கத்தில். பிறந்ததிலிருந்து சூட்டைத் தவிர எதையும் பார்க்காத செல்லப்பிள்ளை. குளிர் பட்டால் செத்துப்போகும். செத்துப்போனால் வளராது. வளராவிட்டால் யார் என்று தெரியாது. யாரும் சொல்லாமல், வெயிலில் நின்று, நானே இதைக் கண்டுபிடித்ததில் ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்து உடனே அசிங்கமாகவும் இருந்தது. "என்ன அண்ணாச்சி, ஐஸ் வேண்டாமா?" என்றாள். வேண்டாம்மா, குளிர் ஆகாது என்றேன். உறைக்குள் ஐஸ் அவள் வண்டிப்பலகையில் உருக ஆரம்பித்தது. குப்பிகளை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். இந்தக் கொலைகாரனை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று என் உடம்புச் சூட்டைக் கொடுத்து நடந்தேன்.

காது. அதைச் சொல்லாமல் எங்கே போகிறேன். செண்பகத்துக்கு இடது காதில் சீழ் வடிவது மூன்று வருஷமாக உண்டு. மழைக்கு வரும், போகும், பஞ்சு வைத்துக்கொள்வாள். வாசம் வந்தால் தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் சூடாக்கி ஆறவைத்து நானே இரண்டு சொட்டு விடுவேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் பார்க்கிறவன் கட்டினவள் காதுக்குள் என்னத்தை ஊற்றினேன் பாருங்கள். காதின் பின்னெலும்பு ஒரு தேன்கூடு மாதிரி, அதற்கு அந்தப் பக்கம்தான் மூளை உறை என்று இன்றுதான் டாக்டரம்மா சொன்னாள். இந்த மாதிரிக் காதைக் கவனித்து, கிழிந்த சவ்வை அடைத்திருந்தாலே பாதி தடுத்திருக்கலாம் என்றாள். தடுப்பூசி இல்லையா என்று கேட்டேன். உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது எல்லாருக்கும் போடுகிறார்கள், பெரியவர்களுக்கும் இந்த மாதிரிக் காது இருந்தால் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்றாள். சிரிப்பதா அழுவதா. செண்பகத்துக்கு அதுதானே வேலை. ஊசி நாளன்று வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிற தாய்மாரைத் தேடிப்போய், "ஏளா, ரெண்டு நாளு காய்ச்சல் அடிக்கும், பொறுத்துக்கோ, மூளைக்காய்ச்சல் வராம இருக்கதுக்குத்தான் இது" என்று பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டு வருவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இருபத்திரண்டும் ஊசி போட்டுக்கொண்டவை. இடுப்பில் தூக்கிப்போனவளுக்கு யாரும் போடவில்லை, அவள் பிறந்த காலத்தில் அது கிடையாது. அவள் தம்பி மந்திரமூர்த்தி வரும்போதெல்லாம் சொல்வான், "அத்தான், அக்கா காதை ஒரு டாக்டர்ட்ட காட்டுங்களேன்" என்று. காட்டுவோம் மூர்த்தி, அடுத்த மாசம் பார்ப்போம் என்பேன். எத்தனை அடுத்த மாசம்.

லேப் கட்டிடத்தின் வாசலில் சுவரோடு ஒரு பலகை, செருப்பைக் கழற்றி விடவும் என்று கறுப்பு எழுத்தில். பார்க்கக்கூடாது என்று இருந்தேன். பார்த்தே விட்டேன். மூன்றாவது குப்பியை நிமிர்த்திப் பிடித்து அதன் வழியாக அந்த எழுத்தைப் படித்தேன். கலங்கலுக்கு மெஷின் வருவதற்கு முன்னால் நாங்கள் இப்படித்தான் பார்ப்போம், தண்ணீருக்குப் பின்னால் எழுத்து தெரிகிறதா, ஓரம் கூர்மையாகத் தெரிகிறதா, இல்லை மையில் ஊறின மாதிரியா. நல்லதென்றால் இது ஊற்றுத்தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள். செருப்பின் ரு தெரிந்தது. ப்பு சரியாகத் தெரியவில்லை. மூன்றாம் தடவை அரிசி களைந்த தண்ணீர், அவ்வளவுதான் கலங்கல். அந்த வெள்ளை நிறம் கிருமி இல்லை, கிருமியோடு சண்டை போடப் போன அவளுடைய சொந்த அணுக்கள், கூட்டம் கூட்டமாக. கலங்கலைப் பார்த்து அழுகை வருவதற்குப் பதிலாக, போட்டிருக்கிறாளே ஒரு சண்டை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. கிருமி எவ்வளவு இருக்கும்? கண்ணுக்குத் தெரியாது. அது இரண்டாம் குப்பி சொல்லும். இரண்டாம் குப்பிதான் சொல்லாது. ஏன் சொல்லாது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

இனி சுற்றி வளைக்க இடமில்லை. புதன்கிழமை ராத்திரி அவளுக்குக் காதுவலியும் காய்ச்சலும் வந்தபோது தெருமுனை மெடிக்கலில் நான்தான் கேப்சூல் அட்டை வாங்கினேன். சீட்டு இல்லாமல், பெயரைச் சொல்லி. கடைக்காரரிடம் அளவுகூட நான்தான் சொன்னேன், அவர் தலையாட்டினார். பாக்டீரியாவைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர். வியாழன் மூன்று, வெள்ளி இரண்டு. காய்ச்சல் குறைந்தது, போதும் என்று நிறுத்தினேன். அடித்துத் துரத்தாமல் சும்மா சீண்டிவிட்ட மருந்து. இன்று காலையில் டாக்டரம்மா பேனாவோடு கேட்டாள், "இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா? மெடிக்கல்ல வாங்கினதா இருந்தாலும் சொல்லுங்க." எனக்குப் பக்கத்தில் மூர்த்தி நின்றுகொண்டிருந்தான், அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. காதைக் காட்டுங்க என்று மூன்று வருஷமாகச் சொன்னவன் எதிரில், காட்டாததுமில்லாமல் நானே வைத்தியமும் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? வாய் தானாகச் சொன்னது: "இல்ல, பாராசிட்டமால் மட்டுந்தான்." அவள் கேஸ் தாளில் இல்லை என்று எழுதினாள், லேப் படிவத்திலும் அதுவே ஏறியது. அந்தப் படிவமும் ஐந்து ஓட்டை விழுந்த கேப்சூல் அட்டையும்தான் இப்போது ஒரே பையில் உரசிக்கொண்டிருந்தன. செல்லையா ஞாபகம் வந்தது. கிராமம் ஒன்றில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிறவர். என் ஜீப் சத்தம் கேட்டதும் ஒரு வாளி பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கொட்டுவார். நான் பிடிக்கும் குப்பியில் ஒரு கிருமி வளராது, அறிக்கை சுத்தம் என்று போகும், அடுத்த வாரம் தெருவெல்லாம் பேதி. குளோரின் வாசத்தை முகர்ந்து அவரை நான் பேசிய பேச்சு. "உம்ம வேலையக் காப்பாத்தப் பாத்தீரு, ஊரு சாகட்டும், அப்படித்தானே?" என்றேன் நாலு பேர் முன்னால். அறுபது வயசுக்காரர் தலைகுனிந்து நின்றார். அதற்காகவே எங்கள் குப்பியில் ஒரு சிட்டிகை ரசாயன உப்பு போட்டு வைத்திருப்போம், குளோரினை அது அடக்கிவிடும், மறைந்திருக்கும் கிருமி தப்பிக்காது. இந்தக் குப்பியிலும் அப்படி ஏதாவது உப்பு உண்டா, ஐந்து கேப்சூலை அடக்க? கண்ணருகே வைத்துப் பார்த்தேன். அடியில் ஒன்றுமில்லை. செண்பகத்தின் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

லேப் ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒருவர் குப்பிகளை வாங்கி, என் கைச்சூட்டை உணர்ந்து என்னை ஒரு தடவை பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து "ம்" என்றார். அந்த ம் எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் சொல்வேன், கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்தவன் முகத்தைப் பார்க்காமல். படிவத்தைப் பிரித்து வாய்விட்டுப் படித்தார். "ஆன்டிபயாடிக் இல்ல. சரி. கல்ச்சர் ரெண்டு நாள் ஆகும்." நகராமல் நின்றேன். ரெண்டு நாளில் ஒண்ணும் வளரலைன்னா என்னங்க எழுதுவீங்க என்று கேட்டேன். "வளரலைன்னுதான் எழுதுவோம். மருந்து எதுவும் போகாம வளரலைன்னா வேற என்னமோன்னு டாக்டர் யோசிப்பாங்க. வைரஸோ, டிபியோ. அதுக்குத் தக்கன மருந்தை மாத்துவாங்க, இல்ல நிறுத்துவாங்க." நிறுத்துவாங்க. ஊசி எடுத்த கையோடு டாக்டரம்மா ஏற்றத் தொடங்கிய மருந்து, பத்துப் பதினாலு நாள் விடாமல் ஏற வேண்டிய மருந்து, என் ஒரு வார்த்தையால் மூன்றாம் நாள் நின்றுபோகலாம். "அஞ்சு கேப்சூல் போயிருக்கு சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன், அட்டையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். அவர் திட்டவில்லை, இரண்டாம் குப்பியைத் தனியே எடுத்து வைத்தார். "இத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கல்லா சொல்லணும். ஓடுங்க." அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்தேன். இப்போது குலுங்கினால் குற்றமில்லை, கையில் ஒன்றுமில்லை. படியில் ஏறும்போது, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே, மூர்த்தியை டீ வாங்க அனுப்பிவிட்டுச் சொல்லலாமே என்று அந்தக் கேடுகெட்ட மூளை அப்போதும் வழி தேடியது. என் மூளையும் ஒரு டம்ளர் தண்ணீரில்தான் மிதக்கிறது, அதில் எந்தக் கலங்கலும் இல்லை, இருந்தும் அதுக்கு இந்தப் புத்தி.

கட்டிலருகே டாக்டரம்மா சொட்டு மருந்தின் வேகத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தாள். மூர்த்தி அதே இடத்தில், அதே செருப்போடு. அவனை எங்கேயும் அனுப்பவில்லை. "டாக்டர், காலையில நான் சொன்னது பொய். மாத்திரை குடுத்திருக்கேன்" என்று அட்டையை நீட்டினேன். அவள் அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். எத்தனை என்றாள். அஞ்சு. என்னைக்கு ஆரம்பிச்சீங்க? வியாழன். கடைசியா எப்ப? வெள்ளி ராத்திரி. செல்லையாவிடம் நான் கேட்கும் அதே மூன்று கேள்வி, எவ்வளவு போட்டீரு, எப்பப் போட்டீரு, கடைசியா எப்போ. அதே வரிசையில். கேஸ் தாளில் இல்லை என்பதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள், பிறகு லேப்புக்குப் போன் போட்டாள். "வந்து சொன்னீங்களே, நல்லது. கல்ச்சர் காலியா வந்தா ஏமாந்திருப்போம். இப்ப எதுவும் வளராட்டாலும் முழுசா மருந்து போட்டுருவோம்" என்றாள். பிழைச்சிருவாளா என்று கேட்டேன். "நாளைக்குச் சாயங்காலம் கேளுங்க, அதுக்குள்ள கொஞ்சம் தெரியும். காது கேக்குறது குறையலாம், அதையும் பாக்கணும்" என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். மூர்த்தி என் பக்கம் திரும்பினான். திட்டட்டும் என்று நின்றேன். அவன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியும் அத்தான்" என்றான். "வியாழக்கிழமையே அக்கா போன்ல சொன்னா, உங்க அத்தான் மாத்திரை வாங்கித் தந்தாரு, கேட்டுருச்சுன்னு. டாக்டர் கேக்கும்போது நீங்க இல்லன்னுட்டீங்க. அத்தானை நாலு பேரு முன்னாடி எப்பிடி நான் மறுத்துப் பேச? நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." நான் அவனுக்கு முன்னால் கௌரவத்தைக் காப்பாற்றினேன், அவன் என் கௌரவத்தைக் காப்பாற்றினான், இரண்டு மணி நேரம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறோம், நடுவில் இவள் கிடந்திருக்கிறாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன்தான் முதலில் அழுதான். செண்பகம் கண்ணைத் திறக்காமல் முனகினாள். "சன்னலை மூடுங்க சார், வெளிச்சம் குத்துது." இன்னும் சார்தான். சன்னல் மூடித்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய் ஒரு கதவை நான் பிடித்துக்கொண்டேன், மறு கதவை மூர்த்தி பிடித்துக்கொண்டான், இரண்டு பேருமாக அதை இன்னொரு தடவை அழுத்தி மூடினோம்.